படகில் எடுத்துச் செல்லும் தேடல் தாள்

2020 ஜனவரியில் எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றோம். மறுநாள் பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டே வரிகள் எழுதியிருந்தான்: "கடல் பெரியதாக இருந்தது. வரிசையும் பெரியதாக இருந்தது."

அவனைக் குறை சொல்ல முடியவில்லை. மற்றவர்களின் தாள்களிலும் ஐஸ்கிரீம், பேருந்தில் போட்ட பாட்டு, கூட்டம், வெயில் இவைதான் இருந்தன. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் அச்சகத்திலும் வேலை செய்யும் பெற்றோர் வாரக்கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம் அது. சிவகாசியிலிருந்து நான்கு மணி நேரம் பயணம் செய்து, முதன்முறையாகக் கடலைப் பார்த்த பிள்ளைகள். அவர்கள் கையில் நாங்கள் கொடுத்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் "கையைப் பிடித்துக்கொண்டு வா" என்ற கட்டளையும் மட்டுமே. எதைப் பார்ப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பல் புறப்பட்ட செய்தியை வகுப்பில் வாசித்தோம். "கப்பலுக்குள்ளேயே நாள் கணக்கா இருந்தா சின்னப் பிள்ளைக என்ன டீச்சர் செய்யும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. குடும்பமாகக் கப்பலில் போகிறவர்கள் பிள்ளைகளுக்காக ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். இந்த வடிவமுள்ள சன்னலைக் கண்டுபிடி, இந்த ஒலி எங்கிருந்து வருகிறது பார், இந்த நிறத்தில் ஐந்து பொருள்களை எண்ணு என்று அதில் இருக்கும். ஆங்கிலத்தில் இதை 'ஸ்கேவஞ்சர் ஹண்ட்' என்பார்கள். நமக்குப் பழக்கமான புதையல் வேட்டை வேறு. புதையல் வேட்டையில் ஒரு துப்பு அடுத்த துப்புக்கு இட்டுச்செல்லும். கடைசியில் யாரோ ஒளித்து வைத்த பொருள் கிடைக்கும். இதில் யாரும் எதையும் ஒளித்து வைப்பதில்லை. எல்லாம் கண்ணெதிரேதான் இருக்கும். பார்த்தால் போதும்.

ஒளித்து வைக்கும் வேலை இல்லை என்பதால் ஆசிரியருக்கு இது சுலபம் என்று நினைத்தேன். 2023 பிப்ரவரிப் பயணத்துக்கு 30 கேள்விகளுடன் ஒரு தாள் தயாரித்தேன். முதலில் முடிக்கும் குழுவுக்குப் பரிசு என்றும் அறிவித்தேன். இரண்டுமே தவறு.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேருந்து நின்றதும் பிள்ளைகள் ஓடினார்கள். வரிசையில் முண்டியடித்தார்கள். ஒரு குழு கண்டுபிடித்ததை இன்னொரு குழு எட்டிப் பார்த்து எழுதியது. "தமிழ் தெரியாத ஒருவரைக் கண்டுபிடி" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். அதற்காக வரிசையில் நின்ற வடநாட்டு முதியவர் ஒருவரைப் பன்னிரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் பேசினார். எனக்குத்தான் கூசியது. 'மை மேன் காட்ஃப்ரே' என்ற 1936ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் ஒன்று உண்டு. பணக்காரர்கள் விருந்தில் இதே விளையாட்டை ஆடுவார்கள். பட்டியலில் ஒரு பொருளாக, வேலையிழந்து குப்பை மேட்டில் வாழும் மனிதன் ஒருவனை அழைத்து வரவேண்டும் என்றிருக்கும். அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து என் தாளில் மனிதர்கள் தேடும் பொருளாக வருவதில்லை.

அதைவிடப் பெரிய தவறு படகில் நடந்தது. "படகிலிருந்து திருவள்ளுவர் சிலையைப் பார். வலக்கையில் எத்தனை விரல்கள் நீட்டியிருக்கின்றன?" என்று எழுதியிருந்தேன். அறம், பொருள், இன்பம் மூன்றையும் குறிக்கும் மூன்று விரல்கள் அவை. பாடத்தோடு அழகாகப் பொருந்துகிறது என்று எனக்குப் பெருமை. சிலை எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து போனார்கள். படகு ஊழியர் ஒருவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் திரும்பும் வழி முழுக்க 2009 செப்டம்பர் 30 என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் தேக்கடியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எடை ஒரு பக்கம் கூடினால் படகின் ஈர்ப்பு மையம் நகரும் என்பதை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிற நானே, பிள்ளைகளை ஒரு பக்கம் திரளச் சொல்லும் கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பயணத்துக்கு முன் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த ஒரு தாய் சொன்னதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. "நெருப்புப் பக்கத்துல நாங்க தினமும் இருக்கோம் டீச்சர், அது பழகிப்போச்சு. தண்ணிதான் பயமா இருக்கு. பாத்துக்கோங்க."

ஆகவே அடுத்த தாளைத் தயாரிக்க உட்கார்ந்தபோது ஒன்றை முடிவு செய்துகொண்டேன். தேடல் தாள் பிள்ளையை ஓட வைக்கக்கூடாது. நின்ற இடத்தில் நிற்க வைத்து, உட்கார்ந்த இடத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. இருவருக்கு ஒரு தாள். 30 கேள்விகள் 12 ஆகக் குறைந்தன. சாலைக்கு மூன்று, வரிசைக்கு மூன்று, படகுக்கு இரண்டே இரண்டு, மீதி பாறைக்கும் கரைக்கும்.

தாள் என்று சொன்னாலும் அது அட்டைதான். எங்கள் ஊரில் அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் அட்டைத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு மாணவனின் அப்பா ஒரு கட்டே கொடுத்தார். உள்ளங்கை அளவு அட்டை காற்றில் பறக்காது, எழுதப் பலகையும் தேவையில்லை. பென்சிலை நூலில் கட்டி அட்டையோடு சேர்த்துவிடலாம். கழுத்தில் மாட்ட வேண்டாம். படகில் உயிர் காப்பு அங்கி போடும்போது கயிறு உள்ளே சிக்கிக்கொள்ளும். சட்டைப் பையில் வைப்பதே நல்லது.

சாலையில் நடந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். கரிசல் மண் எங்கே முடிந்து செம்மண் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கேள்வி வைத்து நான் ஏமாந்தேன். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம். சாத்தூர், கோவில்பட்டி தாண்டும்போது இருட்டு. சரி, திரும்பும்போது பார்க்கட்டும் என்றால் அப்போதும் இருட்டு. கேள்வியை எழுதும்போது அந்த இடத்தில் அப்போது மணி என்ன என்றும் யோசிக்க வேண்டும். பிடித்துப்போன கேள்வி வண்டி எண்கள்தான். எங்கள் மாவட்டத்தின் டிஎன் 67 குறைந்துகொண்டே வந்து, டிஎன் 72 கூடி, பிறகு டிஎன் 74 ஆகும். மாவட்ட எல்லையை வரைபடத்தில் பார்ப்பதைவிட இது பிள்ளைகளுக்கு நன்றாகப் பதிந்தது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வந்ததும், "ஓடாத ஒன்றைக் கண்டுபிடி, அதன் பக்கத்தில் ஓடுவது இருக்கிறதா பார்" என்ற கேள்வி. ஒரே காற்றில் ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை. ஏன்? பழுதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, திசை மாறியிருக்கிறதா? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்ற பாடத்தை அன்று நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை. அவர்களே கேட்டார்கள்.

படகுத்துறை வரிசைதான் ஆசிரியர்களுக்கு மிகப் பெரிய தலைவலி. விடுமுறைக் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைத் தொல்லையாக நினைத்துக்கொண்டிருந்தேன்; இப்போது தாளின் வளமான பகுதியே அதுதான். பிள்ளைகள் அங்கே இடம் மாற முடியாது. நின்ற இடத்திலிருந்து தெரிவதை மட்டுமே கேட்கலாம்.

ஒரு கேள்வி: "கண்ணில் படும் பலகைகளில் எத்தனை விதமான எழுத்துகள் உள்ளன? ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எழுத்தைப் பார்த்து வரை." இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் மக்கள் வரும் ஊர் அது. தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கிடைக்கும். வரையச் சொன்னதால் எழுதுவதில் பின்தங்கிய பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஏழாம் வகுப்பில் பீகாரிலிருந்து வந்த அச்சகத் தொழிலாளியின் மகன் ஒருவன் இருந்தான். இரண்டு ஆண்டுகளாக வகுப்பில் வாயே திறக்காதவன். இந்திப் பலகையைப் படம் போல வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம், அது எழுத்து, அதை இப்படி வாசிக்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லத் தொடங்கினான். வரிசை நகர நகர அவனைச் சுற்றி ஆள் கூடிக்கொண்டே போனது. அடுத்த திங்கட்கிழமை அவன் கடைசி வரிசையில் உட்காரவில்லை.

இன்னொரு கேள்வி கணக்குக்கு. "திருவள்ளுவர் சிலையின் உயரம் என்ன?" என்று கேட்டால் பயனில்லை. 133 அடி என்பது பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். அதனால் இப்படிக் கேட்டேன்: "பென்சிலைக் கை நீட்டிப் பிடி. ஒரு கண்ணை மூடிக்கொள். பீடம் பென்சிலில் எவ்வளவு? பீடமும் உருவமும் சேர்ந்து எவ்வளவு? மொத்தத்தில் பீடம் எத்தனையில் ஒரு பங்கு?" சிலர் மூன்றில் ஒன்று என்றார்கள், சிலர் நான்கில் ஒன்று. சிலர் கீழே இருக்கும் பாறையையும் பீடத்தோடு சேர்த்துப் பாதி என்றார்கள். திரும்பி வந்ததும் வகுப்பில் உண்மையான அளவுகளைக் கொடுத்தேன். பீடம் 38 அடி. அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். உருவம் 95 அடி. அது பொருட்பால் 70, காமத்துப்பால் 25 சேர்ந்தது. 38ஐயும் 133ஐயும் 19ஆல் வகுத்துப் பாருங்கள். மிகச் சரியாக ஏழில் இரண்டு பங்கு. மூன்றில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் நடுவில்! மீப்பெரு பொதுக் காரணி எதற்கு உதவும் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதிலை நான் கொடுத்ததில்லை. கரையிலிருந்து அளந்ததால்தான் விடை இவ்வளவு பக்கத்தில் வந்தது. சிலையின் காலடியில் நின்று அளந்தால் பீடம் பெரிதாகவும் மேலே உள்ள உருவம் குறுகியும் தெரியும். இதையும் ஒரு குழு தானாகவே கண்டுபிடித்துச் சொன்னது.

இனிப் படகு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் போகச் சுமார் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்துக்கு எழுந்து பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றுகூட இருக்கக்கூடாது. முதல் கேள்வியை ஏறுவதற்கு முன்பே, வரிசையில் நிற்கும்போதே பார்த்துவிடலாம்: "நீ ஏறப்போகும் படகின் பெயர் என்ன? ஏன் அந்தப் பெயர்?" அந்தப் படகுகளுக்குப் பொதிகை, குகன், விவேகானந்தா என்றெல்லாம் பெயர்கள். கங்கையில் இராமனைப் படகேற்றிக் கடத்தியவன் குகன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். பொதிகையில் ஏறிய குழுவுக்குச் சற்று நேரமானது. "காலையில் திருநெல்வேலியில் ஓர் ஆற்றைத் தாண்டினோமே, அது எங்கே பிறக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அதன் பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கேள்வி: "இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? உயிர் காப்பு அங்கி எல்லோரும் போட்டிருக்கிறார்களா?" உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணை ஓட்டித் தேடும் கேள்வி. எண்ணைக் கண்டுபிடித்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னைப் பார்த்து, "எங்கம்மா ஆலையிலயும் ரூமுக்கு வெளிய இப்படித்தான் எழுதியிருக்கும் டீச்சர். நாலு பேருக்கு மேல உள்ள இருக்கக் கூடாது" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அது ஏன் நாலு?" என்றான். அவள் சொன்னாள்: "ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓடணும்ல. கூட ஆள் இருந்தா முட்டிக்கிடும்."

எங்கள் பகுதியில் ஒவ்வோர் ஆண்டும் விபத்துச் செய்தி வருகிறது. அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்ததும் அளவுக்கு மேல் மருந்து வைத்திருந்ததும் திரும்பத் திரும்பச் செய்தியில் அடிபடுகின்றன. பாதுகாப்பு வாரம், உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் நடத்தியிருக்கிறோம். ஆனால் சுவரில் எழுதிய ஓர் எண் எதற்காக இருக்கிறது என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு விளக்கியதை நான் கேட்டது கடலில், அந்தப் படகில்தான். அன்றிலிருந்து இந்தக் கேள்வி எல்லாத் தாளிலும் இருக்கிறது. பேருந்தில் எத்தனை இருக்கை, மின்தூக்கியில் எத்தனை பேர், ராட்டினத்தில் எத்தனை பேர் என்று இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறேன்.

2024 பிப்ரவரியில் நாங்கள் போன அன்று கடல் மட்டம் தாழ்ந்திருந்தது. படகு ஓடவில்லை. கன்னியாகுமரியில் இது அடிக்கடி நடப்பதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடக்கும்போது செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. என்னுடைய தாளில் ஆறு கேள்விகள் பாறையை நம்பியிருந்தன. அங்கேயே அட்டையின் பின்பக்கத்தில் ஒன்றை எழுதச் சொன்னேன்: "கரையில் ஒரு கல்லைத் தேர்ந்தெடு. அலை அதன் எந்தப் பகுதி வரை வருகிறது என்று வரை. நேரத்தைக் குறித்துக்கொள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வரை." தண்ணீரில் இறங்காமல், படிக்கட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டாவது முறை வரைந்தபோது கோடு மேலே ஏறியிருந்தது. ஓதம் என்ற சொல்லை அன்று அவர்கள் கற்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் படகும் விட்டார்கள். அதன் பிறகு என் தாள் எப்போதும் இரண்டு பாதியாகவே இருக்கிறது. கரைப் பாதி தனியாகவே ஒரு நாளுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

பாறையில் விவேகானந்தர் மண்டபத்தைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகளுக்குக் கால் சுடும், தேடுவதில் மனம் போகாது. காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. 1892 டிசம்பரில் அவர் அங்கே மூன்று நாள் இருந்தார், மண்டபம் திறக்கப்பட்டது 1970இல் என்ற இரண்டையும் கல்வெட்டுகளிலும் பலகைகளிலும் தேடி, இடையில் எத்தனை ஆண்டுகள் என்று கழித்துப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டேன். 2024 டிசம்பர் 30இல் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. அலை தாழ்ந்த நாளில் சிலைக்குப் படகு போகாது என்ற பழைய ஏமாற்றம் இப்போது இல்லை; பாறையிலிருந்து நடந்தே போகலாம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இந்த 2025 பிப்ரவரியில் போனபோது, "பாலம் உன் அடியில் எத்தனை அடி?" என்று கேட்டோம். ஒவ்வொருவரும் தங்கள் நடையால் எண்ணினார்கள். ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் விடை வேறு. மெதுவாக, கால் வைத்துக் கால் வைத்து எண்ணியதால் கீழே பார்க்கும் பயமும் பலருக்குக் குறைந்தது. இதை நான் திட்டமிடவில்லை.

தாளின் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: "இந்த ஊரில் நம் ஊரைக் கண்டுபிடி."

முதலில் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. காந்தி மண்டபத்துக்கு அருகில் காமராசர் மணிமண்டபம் இருக்கிறது. விருதுநகரில் 1903இல் பிறந்தவர், பின்னாளில் நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அதை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். பெரும்பாலோர் அதையே எழுதினார்கள். ஆனால் இரண்டு மாணவிகள் மதியச் சாப்பாட்டுக்கு நின்ற கடையில் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அங்கே ஒரு தினசரி நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார்கள். சிவகாசி.

அதன் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஓடவில்லை, ஆனால் விடவும் இல்லை. டீக்கடைத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் சாத்தூர். இன்னொன்றில் கோவில்பட்டி, அது பக்கத்து மாவட்டம் என்பதால் சேர்க்கலாமா வேண்டாமா என்று பெரிய வழக்கே நடந்தது. பெட்டிக்கடை நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் சிவகாசி. முதலில் நாள்காட்டியைக் கண்ட மாணவியின் தாய் நாள்காட்டி அட்டையில் தாள் கட்டும் வேலை செய்கிறவர். வகுப்பில் 'பெற்றோர் தொழில்' என்ற இடத்தில் அந்தப் பெண் எப்போதும் 'கூலி' என்று மட்டும் எழுதுவாள். அன்று அட்டையில் எழுதியிருந்தாள்: "எங்கம்மா செய்த நாள்காட்டி கன்னியாகுமரியில் இருக்கிறது. இதே கடை என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கலாம்." சந்தேகத்தையும் சேர்த்து எழுதியதற்காகவே அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியதையும், பெட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டிய தேவையும் சேர்ந்துதான் அச்சுத் தொழில் இங்கே வளர்ந்தது என்பதையும் அடுத்த வாரம் சமூக அறிவியல் வகுப்பில் சொன்னேன். அதற்கு முன் இதே செய்தியைச் சொன்னபோது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், இந்த முறை தாங்கள் எண்ணி வைத்த பட்டியலை எடுத்து முன்னால் வைத்தார்கள்.

கன்னியாகுமரிக்குப் போக எல்லாப் பள்ளிக்கும் முடியாது. எங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை இதையே ஐந்து கேள்விகளாக்கிச் சிவகாசிப் பேருந்து நிலையத்தில் செய்தார். எழுத்துக்குப் பதில் படங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். திருவில்லிபுத்தூர் கோபுரத்தின் நிலைகளைத் தரையிலிருந்து எண்ணி, 11 வருகிறதா என்று பார்க்கலாம். விருதுநகரில் காமராசர் இல்லத்தில், "இந்த வீட்டில் இல்லாத, உன் வீட்டில் இருக்கும் மூன்று பொருள்கள் எவை?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த இடமானாலும் ஆசிரியர்களில் ஒருவராவது முன்கூட்டியே போய், பிள்ளையின் உயரத்தில் குனிந்து நின்று, கேட்கப்போவது அங்கிருந்து தெரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். என் கண்ணுக்குத் தெரிந்த ஒரு கல்வெட்டு, முன்னால் நிற்பவர்களின் முதுகால் ஆறாம் வகுப்புக்குத் தெரியாமல் போனது.

அடுத்த ஆண்டுக்கான தாளை இப்போதே பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். போய் வந்த எட்டாம் வகுப்பு, போகவிருக்கும் ஏழாம் வகுப்புக்காக எழுதுகிறது. 40 கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் 12ஐத் தேர்ந்தெடுக்கும் சண்டை இரண்டு வாரமாக நடக்கிறது. யாரும் எதிர்க்காமல் முதலிலேயே இடம்பிடித்த கேள்வி ஒன்றுதான்: "கண்ணாடிப் பாலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்பாய்?"